கெண்டைக்கால் வலியும் கால் இரத்த ஓட்டப் பரிசோதனையும்: ரீயூனியன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. காரைக்காலில் பிறந்தவள், கல்யாணமாகி இந்தியப் பெருங்கடலிலுள்ள ஃபிரெஞ்சுத் தீவான ரீயூனியன் வந்து சேந்தாந்த்ரேயில் பல வருஷமாக இருக்கிறேன். ஃபிரெஞ்சு தெரியும் என்பதால் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களோடு டாக்டரிடம் துணைக்குப் போவது வழக்கம். என் அப்பாவும் எங்களோடு இங்கேதான் இருந்தார். கால் வலியை இரண்டு வருஷம் "வயசாயிடுச்சு" என்று தள்ளிப்போட்டார். நானும் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு செருப்புக் கடி ஆறாமல் கறுத்துப்போய், இடது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கோவில் வாசலிலோ கடையிலோ யாராவது கால் வலி என்று சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே தருகிறேன்.

"அக்கா, கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது. நின்னா விட்டுடுது. இது நரம்புத் தளர்ச்சிதானே?"

நரம்பாக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரத்தக் குழாயைத்தான். இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து உள்வழி குறுகிப் போகிறது. சும்மா இருக்கும்போது வரும் இரத்தம் காலுக்குப் போதும். நடந்தால் தசைக்குப் பல மடங்கு தேவைப்படும், அது கிடைக்காமல் தசை வலிக்கும். நின்றால் சில நிமிஷத்தில் தணியும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். ஏற்றத்தில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும், நம் தீவிலோ ஏற்றத்துக்குக் குறைவே இல்லை.

இங்கே இதைப் பேச்சில் ஆர்த்தெரித் என்பார்கள். ஃபிரெஞ்சில் இதற்குக் "கடைக் கண்ணாடி நோய்" என்றும் ஒரு பெயர் உண்டு. வலி வந்ததும் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் நின்று சமாளிப்பார்களாம். அப்பா எங்கள் தெருவிலிருந்த லிச்சி மரத்தடியில் தினமும் நிற்பார். காய் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வலியே இல்லை. சுகர் மட்டும்தான். நானும் டெஸ்ட் எடுக்கணுமா?"

கட்டாயம் கேட்டுப் பாருங்கள். இந்த அடைப்பு உள்ளவர்களில் நிறையப் பேருக்கு வலி தெரிவதே இல்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்கு வலி என்ற எச்சரிக்கை மணியே அடிக்காது. அதிகம் நடக்காதவருக்கும் தெரியாது. காலில் முடி உதிர்ந்து தோல் பளபளப்பாவது, நகம் தடித்து வளராமல் நிற்பது, ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருப்பது, சிறு காயம் இரண்டு வாரமாகியும் ஆறாமல் இருப்பது ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

50 வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள், புகை பிடிப்பவர்கள், 65 தாண்டிய எவரும், இருதயத்திலோ மூளையிலோ ஏற்கெனவே அடைப்பு வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என இவர்கள் எல்லாருமே டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள். பெருநில ஃபிரான்சோடு ஒப்பிட்டால் இங்கே சர்க்கரை நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் இங்குள்ள டாக்டர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி டாக்டர் பாதத்தைப் பார்க்க வேண்டும். அவர் மறந்தால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

"சாயங்காலம் ஆனா கால் வீங்குது, நரம்பு முடிச்சு முடிச்சா நீலமா தெரியுது. இதுவும் அதேதானா?"

இல்லை, அது இரத்தம் திரும்பி மேலே போகும் சிரைகளின் கோளாறு. காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். தமனி அடைப்பில் நேர் எதிர்: காலை உயர்த்தினால் வலி கூடும், கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் குறையும். முற்றிய நிலையில் ராத்திரி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிலைக்கு வந்தவர் அப்பாயின்ட்மென்ட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அதனால்தான் வீக்கத்துக்கு என்று இறுக்கமான அழுத்தக் காலுறையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். தமனி நன்றாக அடைத்திருக்கும் காலில் அது இருக்கிற கொஞ்ச இரத்தத்தையும் தடுத்துவிடும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

"நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாமா?"

அவசரம் இல்லாவிட்டால் வேண்டாம். முதலில் உங்கள் மெத்சேன் த்ரேத்தான், அதாவது நீங்கள் பதிவு செய்துகொண்ட குடும்ப டாக்டர். 16 வயதுக்கு மேல் எல்லாரும் ஒருவரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர் பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கத்திலும் நாடி பார்த்து, ஆன்ஜியோலோக் என்னும் இரத்தக் குழாய் டாக்டருக்குச் சீட்டு எழுதுவார். இருதய டாக்டர்கள் சிலரும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். குடும்ப டாக்டரைத் தாண்டி நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போனால் அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து 70 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டிய இடத்தில் 30 சதவீதம்தான் கிடைக்கும். புது நோயாளிகளை எடுக்க மாட்டோம் என்று டாக்டர்கள் சொன்னால் சே-ழே-எஸ்-எஸ் என்ற சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சொல்லுங்கள், ஆள் தேட உதவுவார்கள்.

ஆபரேஷன் என்ற அளவுக்குப் போனால்தான் சேன் தெனியில் பெல்லப்பியேர் மேட்டிலுள்ள ஃபெலிக்ஸ் கியோன் மருத்துவமனை, தெற்கே சேன் பியேர் மருத்துவமனை என்று போக வேண்டியிருக்கும்.

"எனக்கு ஃபிரெஞ்சு வராது. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

மூன்று விஷயம் அவர் காதில் விழுந்தால் போதும்: எங்கே வலி, எப்போது வருகிறது, எப்போது போகிறது. "ழே மால் ஓ மொல்லே கான் ழ மார்ஷ்" என்றால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது. "ஸா பாஸ் கான் ழ மாரெத்" என்றால் நின்றால் போய்விடுகிறது. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போன ஒரு தம்பிக்கு அன்றைக்கே சீட்டு கிடைத்தது. வெறுமனே "மால் ஓ ஜாம்ப்", கால் வலி என்று சொன்னால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். எத்தனை மீட்டர் நடந்தால் வலி வருகிறது என்று வீட்டிலிருந்து அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது.

துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துப்போகலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி "பெர்சொன் த கோன்ஃபியான்ஸ்" என்று நம்பிக்கைக்குரிய ஒருவரை எழுத்தில் நியமிக்கவும் உரிமை உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப்போகாதீர்கள். அப்பாவின் சிகரெட் கணக்கை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

"அங்க என்ன பண்ணுவாங்க? ஊசி, மயக்கம் எல்லாம் இருக்கா? வெறும் வயித்துல போகணுமா?"

ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. பத்து நிமிஷம் படுக்கவைத்து ஓய்வு கொடுப்பார்கள். பிறகு இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் பட்டை கட்டி, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியால் இரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்டு அழுத்தம் எடுப்பார்கள். "உஷ், உஷ்" என்று அந்த ஓசை உங்களுக்கும் கேட்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் இ-பே-எஸ் என்ற எண். அடுத்து ஸ்கேன் போல ஜெல் தடவி, தொடையிடுக்கிலிருந்து பாதம் வரை எங்கே குறுகல் என்று திரையில் பார்ப்பார்கள். இது எக்கோ டோப்ளேர். எல்லாம் சேர்ந்து அரை மணி, முக்கால் மணி ஆகும்.

காலுக்கு மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். வயிற்றுப் பெருந்தமனியையும் பார்ப்பதாக இருந்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வதுண்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போகும் முன் சிகரெட் வேண்டாம், அது குழாயைச் சுருக்கி எண்ணை மாற்றும். சீட்டு, கார்த் வித்தால் என்ற காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும்.

"அம்மா புடவை கட்டுறவங்க. ஆம்பளை டாக்டர்னா வரமாட்டேங்கிறாங்க."

தொடையிடுக்கு வரை பார்க்க வேண்டியிருப்பதால் புடவையைத் தளர்த்தத்தான் வேண்டும். தொளதொளவென்று ஒரு பாவாடை கட்டிக்கொண்டு, மேலே போர்த்த ஒரு துண்டும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றால் டாக்டோலிப் என்ற அப்பாயின்ட்மென்ட் இணையதளத்தில் பெயரைப் பார்த்து முதலிலேயே பெண் டாக்டரிடம் பதிவு செய்யலாம். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தேன், அரை மணியில் முடிந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ரிப்போர்ட்ல 0.7ன்னு போட்டிருக்கு. கால் போயிடுமா?"

போகாது, பயப்படாதீர்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 98ஐ 140ஆல் வகுத்தால் 0.70. 0.90க்கு மேல் 1.30 வரை சாதாரணம். 0.90ம் அதற்குக் கீழும் இருந்தால் அடைப்பு உண்டு என்று அர்த்தம். 0.7 என்பது மாத்திரையாலும் நடையாலும் சமாளிக்கிற இடம்தான். 0.4க்குக் கீழ் போனாலோ, கணுக்கால் அழுத்தமே 50க்குக் கீழ் இருந்தாலோ, அதோடு ஆறாத புண்ணும் இருந்தாலோ காலைக் காப்பாற்றும் அவசர வேலை தொடங்க வேண்டும்.

ஆனால் இந்த எண் காலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. காலில் அடைத்த அதே கொழுப்பு இருதயத்திலும் கழுத்துத் தமனியிலும் இருக்கக்கூடும். அதனால்தான் கால் வலி என்று போனவருக்கு இருதய டாக்டரையும் பார்க்கச் சொல்கிறார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

"எனக்கு 1.45 வந்திருக்கு. 1.3ஐ விட அதிகம், அப்ப ரொம்ப நல்லதுதானே?"

இதைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பல வருஷச் சர்க்கரையிலும் சிறுநீரக நோயிலும் கணுக்கால் தமனியின் சுவரில் சுண்ணாம்பு ஏறிக் குழாய் மரம்போல் கெட்டியாகிவிடும். பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது நசுங்காது, அதனால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். உள்ளே அடைப்பு இருந்தாலும் தெரியாது. இப்படி வந்தால் கால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி அழுத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், விரல் தமனி அவ்வளவாகக் கெட்டியாவதில்லை. அப்பாவின் முதல் ரிப்போர்ட்டில் எண் உயர்வாகத்தான் இருந்தது. நல்ல செய்தி என்று நாங்கள் அன்றைக்குப் பாயசம் வைத்தோம்.

"டெஸ்ட்ல 1.0 வந்து நார்மல்னுட்டாங்க. ஆனா நடந்தா வலிக்குதே?"

படுத்திருக்கும்போது எடுத்த எண் அது. நடக்கவைத்து உடனே மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நடந்தபின் எண் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அடைப்பு இருப்பது தெரிந்துவிடும்.

அதிலும் மாறவில்லை என்றால் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். வித்தியாசம் என்னவென்றால், சும்மா நின்றால் அது போகாது, உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் வலியே இல்லை என்கிறவருக்குப் பெரும்பாலும் முதுகுதான். இரவில் பாதம் எரிகிறது, எறும்பு ஊர்கிறது என்பது சர்க்கரை நரம்புக் கோளாறு. அந்தப் பாதம் தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

"அப்பாயின்ட்மென்ட் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கிடைக்குது. வெயிட் பண்ணலாமா?"

நடந்தால் மட்டும் வலி, புண் இல்லை என்றால் காத்திருக்கலாம். ஓய்விலும் ராத்திரியிலும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் இருந்தால் குடும்ப டாக்டரைப் போன் போட்டுப் பேசவைத்து நாளைக் கணிசமாக முன்னால் கொண்டுவர வேண்டும். அப்பாவுக்காக நான் அதைக் கேட்கவில்லை, "கொடுத்த தேதிக்குப் போவோம்" என்று இருந்துவிட்டேன்.

திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, கடும் வலியெடுத்து, மரத்துப்போனாலோ விரலை அசைக்க முடியாவிட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவி எண் 15க்குப் போன் செய்யுங்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் இரத்தம் திரும்ப ஓடவில்லை என்றால் தசை சாக ஆரம்பிக்கும். அந்தக் காலை உயர்த்தி வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

"எவ்வளவு செலவாகும்?"

சோஷியல் செக்யூரிட்டி 70 சதவீதம் கொடுக்கும், மிச்சம் உங்கள் முத்யுவேல் காப்பீடு. தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் 2016 ஜனவரி முதல் முதலாளி முத்யுவேல் தர வேண்டும், அதில் பாதியாவது அவர் கட்ட வேண்டும். வருமானம் குறைவானவர்கள் சே-தோ-எஸ் (C2S) என்ற, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும் துணைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சில ஸ்பெஷலிஸ்டுகள் அரசு விலைக்கு மேல் வாங்குவார்கள், அரசு விலை மட்டும் வாங்கும் "செக்தேர் அன்" டாக்டரா என்று முன்னாலேயே கேளுங்கள்.

சர்க்கரை நோயும், அறிகுறியோடு கூடிய கால் தமனி அடைப்பும் ஆ-எல்-தே என்ற நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. குடும்ப டாக்டர் படிவம் அனுப்பி அனுமதி வந்துவிட்டால் அந்த நோய்க்கான சிகிச்சைக்கு அரசு விலையில் 100 சதவீதமும் கிடைக்கும். பல வருஷச் சர்க்கரைக்காரர்கள் இதைக் கேட்காமலே கையிலிருந்து கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அம்மா மூணு மாச விசாவில் வந்திருக்காங்க. அவங்களுக்கு இங்க பார்க்க முடியுமா?"

பார்க்கலாம், பணம் கட்டி. சுற்றுலாவாக வந்தவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி கிடையாது. பயணக் காப்பீடு திடீர் அவசரத்துக்குத்தான், ஏற்கெனவே இருந்த நோய்க்கான பரிசோதனையைப் பெரும்பாலும் ஏற்காது. குடும்ப டாக்டரிடம் பணம் கட்டி நாடி பார்க்கவைத்து, அவசரமில்லை என்று அவர் சொன்னால் மிச்சத்தை ஊரில் செய்யலாம். அவசரமென்றால் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். காப்பீடே இல்லாமல் இங்கே இருப்பவர்கள் மருத்துவமனையில் பாஸ் என்ற பிரிவைக் கேட்கலாம், அது அவர்களுக்காகவே உள்ளது.

"டிசம்பர்ல பாண்டிச்சேரி போறோம். அங்கேயே எடுத்துடலாமே, சீக்கிரமும் ஆகும்?"

நீங்கள் டிசம்பருக்கு முந்தைய வாரம் கேட்டிருந்தால் சரி என்பேன். ஆறு மாதம் முன்னால் கேட்டால் கூடாது என்பேன். ஊர்ப் பயணத்துக்காகக் காத்திருந்தபோதுதான் அப்பாவின் செருப்புக் கடி புண்ணாயிற்று. அங்கே எடுத்தால் வெறும் "நார்மல்" என்ற வார்த்தையோடு திரும்பாதீர்கள். இரண்டு கையின், இரண்டு கணுக்காலின் அழுத்த எண்களும் ஸ்கேன் படங்களும் வேண்டும். மாத்திரையின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். இது ஒருநாள் வைத்தியமும் இல்லை, தொடர்ந்து பார்க்கப்போவது இங்குள்ள டாக்டர்தான்.

"நோய் இருக்குன்னு தெரிஞ்சா விசா கார்டைப் புதுப்பிக்க மாட்டாங்களா? முதலாளிக்குத் தெரியுமா?"

தெரியாது. மருத்துவ ரகசியம் இங்கே சட்டம். உங்கள் ரிப்போர்ட், கார்டு கொடுக்கும் அரசு அலுவலகமான பிரெஃபெக்துருக்குப் போகாது. வேலையிடத்து டாக்டர்கூட "இந்த வேலைக்குத் தகுதி, தகுதியில்லை" என்று மட்டுமே முதலாளியிடம் சொல்லலாம், நோயின் பெயரைச் சொல்லக் கூடாது.

"ராத்திரி வெந்நீர்ல காலை வெச்சு, நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கிறேன். ரத்தம் ஓடும்ல?"

அடைத்த குழாய் வெந்நீரால் திறக்காது. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும், இரத்தம் குறைந்த காலில் அந்தப் புண் ஆறாது. எண்ணெய் தடவுவதே தப்பு என்று சொல்லவில்லை. வறண்ட தோலில் ஆறின எண்ணெயை மெதுவாகத் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். இந்த ஊர்த் திசான் கஷாயம், நாட்டு மருந்து எது குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையோடு சில ஒத்துப்போகாது. கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். ஆபத்து உள்ள சர்க்கரைப் பாதத்துக்கு டாக்டர் சீட்டோடு பொதோலோக் என்னும் பாத நிபுணரிடம் போனால் வருஷத்துக்குச் சில முறை செலவு திரும்பக் கிடைக்கும்.

"அடைப்பு இருக்குன்னா உடனே ஆபரேஷன்தானா?"

பெரும்பாலோருக்கு முதல் மருந்து நடைதான். வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடப்பதா என்பார்கள். ஆமாம், வலி வரும்வரை நடந்து, தணியும்வரை நின்று, மறுபடி நடக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளாவது 30 முதல் 45 நிமிஷம், குறைந்தது மூன்று மாதம். புண் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். சேன் தெனியில் இருப்பவர்களுக்குப் பராஷுவா கடலோரம் சமதளமாக இருக்கிறது. அதோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் வகை மாத்திரை, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கட்டுப்பாடு. சிகரெட்டை விடுவதற்கு ஈடான மருந்து கிடையாது. டாக்டர் சீட்டு இருந்தால் நிக்கோட்டின் பட்டைக்கும் 65 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

இதற்கும் கேட்காவிட்டால் பலூன், ஸ்டென்ட், பைபாஸ். அதற்கு முன் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறோ, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையோ இருந்தால் அதை அவர்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

"எட்டு வருஷமா தீ மிதிக்கிறேன். இந்த வருஷமும் வேண்டுதல் இருக்கு. சுகரும் இருக்கு. மிதிக்கலாமா?"

இங்கே பாண்டியாலே என்று அழைக்கும் பாஞ்சாலியம்மனுக்கு 18 நாள் விரதமிருந்து தீ மிதிப்பது எத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் மிதித்தவர். அதனால் லேசாகச் சொல்லவில்லை: கால் மரத்திருந்தாலோ பாதத்தில் நாடி கிடைக்காவிட்டாலோ மிதிக்காதீர்கள். நல்ல பாதத்தில் சூடு பட்டால் உணர்வு காலை விரட்டும், அடி வேகமாக விழும். மரத்த பாதம் கனலில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கிவிடும். கொப்புளம் வந்ததும் அன்றைக்குத் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்து நீர் வடிந்தால்தான் தெரியும். மேலே வெந்நீருக்குச் சொன்னதேதான், இங்கே ஆபத்து பல மடங்கு.

காப்பு கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே குடும்ப டாக்டரிடம் போய் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: பாத நாடி, அப்புறம் நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டுப் பார்க்கும் உணர்வுச் சோதனை. இரண்டும் ஐந்து நிமிஷ வேலை. விரத நாட்களில் மாத்திரை அளவை எப்படி மாற்றுவது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். சோதனையில் குறை தெரிந்தால் குருக்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். போன வருஷம் ஒரு அண்ணனுக்கு அப்படி ஆனபோது, குழி ஓரத்தில் பால் குடம் பிடித்து நிற்கச் சொல்லி வேண்டுதலை முடித்துக் கொடுத்தார். இந்த வருஷமும் அந்த அண்ணன் அங்கேதான் நிற்கப்போகிறார்.